தலைவரின் புதிய யோசனையும் ஒப்புக்கொண்ட வேலையும்

சென்ற இதழில் காலாண்டுத் திட்டமிடலைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பல ஒரே குறையைச் சொல்கின்றன: திட்டம் போடுவது கைவந்துவிட்டது, ஆனால் போட்ட திட்டம் தலைமையிலிருந்து வரும் அடுத்த யோசனையைத் தாண்டி நிற்பதில்லை. எழுதியவர்களில் தலைமைப் பொறுப்பில் இருக்கும் ஒருவரும் இருக்கிறார் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. இந்த இதழில் பகுதி முழுவதையும் இந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றில் திட்ட மேலாளராக இருக்கிறேன். எங்கள் நிறுவனர் மிகக் கூர்மையானவர். நிறுவனம் இந்த அளவுக்கு வளர்ந்ததே அவருடைய யோசனைகளால்தான். ஆனால் காலாண்டுத் தொடக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்த திட்டம், மூன்றாவது வாரத்திலேயே கலைந்துவிடுகிறது. ஒரு வாடிக்கையாளரைச் சந்தித்துவிட்டு வருவார், "இதை உடனே செய்து பார்க்கலாமே" என்பார். மறுத்தால் முட்டுக்கட்டை போடுகிறேன் என்ற பெயர் வருகிறது. ஒப்புக்கொண்டால், காலாண்டு முடிவில் கெடு தவறியதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: மறுப்பது, ஒப்புக்கொள்வது என்ற இரண்டு வழிகள்தான் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. இரண்டுமே நீங்கள் எடுக்க வேண்டிய முடிவுகள் அல்ல. எந்த வேலை முதலில், எது பிறகு என்று தீர்மானிக்கும் உரிமை நிறுவனருக்கு உண்டு. அந்தத் தீர்மானத்துக்கு என்ன விலை என்பதை அவர் கண்முன் வைக்கும் கடமை உங்களுக்கு உண்டு. இப்போது அவர் விலை தெரியாமல் தீர்மானிக்கிறார், நீங்கள் விலையைச் சொல்லாமல் சுமக்கிறீர்கள். உங்களுக்கு இடையில் இருக்கும் கசப்பின் பெரும்பகுதி இதிலிருந்துதான் பிறக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அவருடைய நிலையிலிருந்து பாருங்கள். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறார். அந்த யோசனையால் என்ன கிடைக்கும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிகிறது. அதற்கு ஆகும் செலவோ உங்கள் குழுவில் ஆறு பேருடைய நாட்களில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதால், அதை எடுத்துக் கூட்டிச் சொல்ல ஒருவர் முன்வராத வரையில் அந்த யோசனை அவருக்கு இலவசமாகவே தோன்றும். ஆகவே ஒரு யோசனை வந்த இரண்டு நாட்களுக்குள் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். இதைச் செய்ய யார் யார் எத்தனை வாரம் வேண்டும், அவர்கள் இப்போது எந்த வேலையில் இருக்கிறார்கள், அந்த வேலையை யாருக்கு எந்தத் தேதிக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறோம், இதை எடுத்தால் அது எத்தனை வாரம் தள்ளிப்போகும் என்ற விவரங்கள் மட்டும் அதில் இருந்தால் போதும். பிறகு, "இதை எடுத்துக்கொள்ளலாம், எடுத்தால் அது மூன்று வாரம் தள்ளிப்போகும், எதை முதலில் வைக்கலாம் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் புதியதைத் தேர்ந்தெடுத்தால் அது முறையான முடிவு. பழைய தேதியை அப்போதே, எல்லோருக்கும் தெரியும்படி மாற்றி எழுதிவிடுங்கள். அப்படி மாற்றி எழுதப்பட்ட தேதிக்கு, காலாண்டு முடிவில் யாரும் உங்களைக் குற்றவாளியாக நிறுத்த முடியாது.

ஒரு எச்சரிக்கை. பிடிக்காத யோசனைக்கு வேண்டுமென்றே வாரங்களைக் கூட்டி எழுதாதீர்கள். தலைவர்கள் அதை விரைவில் கண்டுகொள்வார்கள். அதற்குப் பிறகு நீங்கள் கொடுக்கும் எந்தக் கணக்குக்கும் மதிப்பிருக்காது.

"அதையும் செய்யுங்கள், இதையும் செய்யுங்கள்" என்று அவர் சொன்னால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கக்கூடும். அப்போது பேச வேண்டியது குழுவின் களைப்பைப் பற்றி அல்ல, கணக்கைப் பற்றி. காத்திருப்பு வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் என்ற ஆய்வாளர் 1961ஆம் ஆண்டு நிரூபித்த விதி ஒன்று இருக்கிறது. ஓர் அமைப்புக்குள் சராசரியாக எத்தனை வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றனவோ, அந்த எண்ணிக்கையை ஒரு மாதத்தில் முடிந்து வெளியேறும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே நுழைந்து முடிந்து வெளியே வர எத்தனை மாதம் ஆகும் என்ற சராசரி கிடைக்கும். உங்கள் குழு மாதத்துக்கு 3 வேலைகளை முடிக்கிறது, கையில் 12 வேலைகள் இருக்கின்றன என்றால், ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 4 மாதம் ஆகும். எதையும் நிறுத்தாமல் இன்னும் 6 யோசனைகளை உள்ளே விட்டால், அதே குழு அதே வேகத்தில் உழைத்தாலும், அந்தச் சராசரி 6 மாதமாகிவிடும். இதில் யாருடைய சோம்பலும் இல்லை. தலைவர் ஆவலோடு கொண்டுவந்த அந்த யோசனையும் இந்த 6 மாதக் கணக்குக்குள் அடங்கியதுதான் என்பதை அவருக்கு எடுத்துக் காட்டுங்கள். புதியதன்மேல் அக்கறை உள்ளவருக்கு, அந்தப் புதியதே தாமதமாகும் என்பதைவிட வலுவான வாதம் வேறில்லை.

உண்மையில் நிலைமை இந்தக் கணக்கைவிடச் சற்று மோசமாகவே இருக்கும். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்கு மாறுபவரின் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதையும், அதனால் அடுத்த வேலையை அவர் செய்யும் தரம் குறைகிறது என்பதையும் சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார். மாதத்துக்கு 3 என்ற வேகமே குறையும் என்றுதான் இதற்குப் பொருள்.

கடைசியாக, உங்கள் திட்டத்தையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். குழுவின் நேரம் முழுவதையும் காலாண்டின் முதல் நாளே பங்கிட்டுவிட்டால், அதன் பிறகு வரும் எந்த நல்ல யோசனையும் உங்களுக்கு எதிரியாகத்தான் தெரியும். உங்கள் நிறுவனரிடமிருந்து யோசனைகள் வரும் என்பது உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்த செய்தி. அதற்குத் திட்டத்தில் இடம் விடுவதே நேர்மையான திட்டமிடல். ஐந்தில் ஒரு பங்கு நேரத்தை ஒதுக்கி வையுங்கள் என்று நான் சொல்வேன். எந்த யோசனையும் வராத காலாண்டில், நெடுநாளாகத் தள்ளிப்போட்ட பழுதுகளைச் சரிசெய்ய அந்த நேரம் பயன்படும்.

கேள்வி: நான் மேசையின் மறுபக்கத்தில் இருப்பவன். ஒரு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருக்கிறேன். நான் எதைச் சொன்னாலும் "அது திட்டத்தில் இல்லை" என்பதே பதிலாக வருகிறது. வேறு சமயங்களில், நான் பேச்சுவாக்கில் சொன்ன ஒன்றுக்காக நான்கு பேர் இரண்டு வாரம் உழைத்திருப்பது பிறகுதான் எனக்குத் தெரியவருகிறது. யோசிப்பதையே நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். நீங்கள் குறிப்பிடும் இரண்டு நிகழ்வுகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும், உங்கள் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது கேட்பவருக்குத் தெரியவில்லை என்ற ஒரே காரணத்திலிருந்து வருபவை. பதவி உயர உயர ஒருவருடைய சொல்லின் எடை, அவர் அறியாமலே கூடிக்கொண்டு போகிறது. "இப்படிச் செய்தால் என்ன?" என்று ஒரு சக ஊழியர் கேட்டால் அது கேள்வி, நீங்கள் கேட்டால் அது உத்தரவாகிவிடுகிறது. கேட்பவர்களில் துணிந்தவர்கள் திட்டத்தைக் காட்டித் தடுத்துக்கொள்கிறார்கள். அஞ்சுபவர்கள் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு யோசனையோடும் அதன் எடையையும் சேர்த்துச் சொல்லும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். "இது என் மனதில் ஓடுவது, யாரும் எதுவும் செய்ய வேண்டாம்" என்று சொல்லலாம். "இதைப் பற்றி ஒருவர் அரை நாள் விசாரித்து, செய்யத் தகுந்ததா என்று சொன்னால் போதும்" என்று சொல்லலாம். "இதைச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டேன், எதை நிறுத்தலாம் என்று பேசுவோம்" என்றும் சொல்லலாம். முதல் இரண்டையும் நீங்கள் மனம்போல, நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கலாம். மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும், நிறுத்தப் போவது எது என்ற பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொள்ளுங்கள்.

"திட்டத்தில் இல்லை" என்ற பதிலைப் பற்றியும் சற்று யோசியுங்கள். உங்கள் நிறுவனத்தில் கெடு தவறியதற்காகக் கண்டிக்கப்பட்டவர்கள் இருப்பார்கள். நல்ல யோசனையைக் கைவிட்டதற்காகக் கண்டிக்கப்பட்டவர் யாராவது உண்டா? ஒருவரும் இல்லையென்றால், மக்கள் கெடுவைத்தான் காப்பார்கள். உங்கள் யோசனைக்காக ஒரு தேதி தள்ளிப்போனபோது, "அது என் முடிவு" என்று நீங்கள் இயக்குநர் குழுவின் முன்னும் வாடிக்கையாளரின் முன்னும் சொல்லியிருக்கிறீர்களா? ஒருமுறை அப்படிச் சொல்லிப் பாருங்கள். அடுத்த யோசனைக்கு உங்கள் குழு காட்டும் முகமே வேறாக இருக்கும்.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். வேலையைக் குறுகிய சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்க்ரம் என்ற முறையைப் பின்பற்றும் மென்பொருள் குழுக்களுக்கு இதில் தெளிவான விதி உண்டு. ஸ்பிரின்ட் எனப்படும் ஒரு வேலைச் சுற்று ஒரு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அது நடந்துகொண்டிருக்கும்போது அதன் இலக்குக்கு ஆபத்து விளைவிக்கும் மாற்றம் எதையும் செய்யக் கூடாது. அந்த இலக்கே பொருளற்றுப் போய்விட்டால், தயாரிப்புக்குப் பொறுப்பானவர் மட்டுமே அந்தச் சுற்றை ரத்து செய்யலாம். குழு சில வாரங்கள் அமைதியாக உழைக்கிறது, தலைவரும் அடுத்த வாசல் எப்போது திறக்கும் என்பதை அறிந்திருக்கிறார். சுற்றைக் குறுகியதாக வைத்திருப்பதில்தான் இதன் நுட்பம் இருக்கிறது. இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னால் பெரும்பாலான தலைவர்கள் பொறுப்பார்கள். ஓர் ஆண்டு பொறுக்கச் சொன்னால் யாரும் பொறுக்க மாட்டார்கள், பொறுக்கவும் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். புதிய யோசனை என்றாலே எதையாவது சேர்ப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 1997இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளுக்குத் திரும்பியபோது, அந்த நிதியாண்டில் நிறுவனம் 100 கோடி டாலருக்கும் மேல் நட்டம் கண்டிருந்தது. அவர் செய்தவற்றுள் முக்கியமானது, தயாரிப்புகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தியது. பொதுமக்களுக்கு, தொழில்முறைப் பயனர்களுக்கு என்று ஒரு பக்கமும், மேசைக்கணினி, மடிக்கணினி என்று மறுபக்கமும் பிரித்து நான்கே கட்டங்களை வரைந்து, அவற்றுக்குள் அடங்காதவற்றை விலக்கினார். அந்தக் கட்டங்களுள் ஒன்றை நிரப்பிய ஐமேக் 1998 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. அந்த நிதியாண்டை நிறுவனம் லாபத்தில் முடித்தது. நிறுத்துவதற்கான யோசனையைத் தலைவர் மட்டுமே துணிந்து முன்வைக்க முடியும். அதற்குத் தேவையான அதிகாரம் உங்கள் குழுவில் வேறு யாருக்கும் கிடையாது.

கேள்வி: வேலையில் சேர்ந்து ஓராண்டுதான் ஆகிறது. எங்கள் தலைமை நிர்வாகி சில சமயம் இரவில் நேரடியாக எனக்கே வாட்ஸ்அப்பில் "இதைக் கொஞ்சம் பார்க்க முடியுமா?" என்று எழுதுகிறார். என் மேலாளரிடம் சொன்னால் காட்டிக்கொடுத்தது போல ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: காட்டிக்கொடுப்பதாக ஆகாது, நிர்வாகிக்கு எழுதும் பதிலில் உங்கள் மேலாளரையும் மறைக்காமல் சேர்த்துக்கொண்டால். "நல்லது சார், பார்க்கிறேன். இப்போது என்னிடம் இருக்கும் வேலை வெள்ளிக்கிழமைக்கு முடிய வேண்டியது, இதை அதற்கு முன்பா, பின்பா என்று மேலாளரிடம் கேட்டுக்கொண்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று எழுதுங்கள். பணிவு குறையவில்லை, வேலையும் ஒளிவாக நுழையவில்லை. யாருக்கும் தெரியாமல் இரவில் செய்துகொடுத்துவிட்டால் மட்டும் சிக்கல் வரும். அடுத்த முறையும் உங்களுக்கே எழுதுவார், உங்கள் தேதிகள் ஏன் தவறுகின்றன என்பது உங்கள் மேலாளருக்குப் புரியாமலே போகும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் யோசனைகளுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். அதில் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை. தலைவரும் இப்போது அதை நம்புவதில்லை. பட்டியல் வைப்பதில் பயன் உண்டா?

பதில்: குறிப்பிட்ட நாளில் திறந்து பார்க்கப்படும் பட்டியலுக்கே பயன் உண்டு. மாதம் ஒருமுறை, தலைவரே உட்கார்ந்து, ஒவ்வொரு யோசனையையும் எடுக்கலாமா, நீக்கலாமா, அடுத்த மாதம் வரை வைக்கலாமா என்று தீர்மானிக்கட்டும். மூன்று முறை தள்ளிப்போடப்பட்டதை நீக்கிவிடுங்கள். தன் யோசனையைத் தானே நீக்கும் தலைவருக்கு வருத்தம் ஏற்படுவதில்லை. பிறர் அதைக் கேட்பாரற்றுப் போகவிடும்போதுதான் வருத்தம். ஒரு மாதம் கழித்துப் பார்க்கும்போது, அன்று அவசரமாகத் தோன்றியவற்றில் பல தாமாகவே சுருங்கியிருப்பதையும் அவர் காண்பார்.

சில யோசனைகள் மெல்லத்தான் பழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். 3எம் நிறுவனம் தன் ஆய்வாளர்கள் வேலை நேரத்தில் 15 விழுக்காட்டைத் தங்கள் சொந்த யோசனைகளுக்குச் செலவிடலாம் என்ற வழக்கத்தை 1948 முதல் வைத்திருக்கிறது. அங்கே ஸ்பென்சர் சில்வர் 1968இல் கண்டுபிடித்த, லேசாக மட்டுமே ஒட்டும் பசைக்கு, 1974இல் சக ஊழியர் ஆர்ட் ஃப்ரை ஒரு பயன் கண்டார். 1980இல் அது, ஒட்டிப் பிரிக்கக்கூடிய குறிப்புத்தாளாக, போஸ்ட்-இட் என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளும் அந்த யோசனை உயிரோடு இருந்ததற்கு, ஒப்புக்கொண்ட வேலைகளோடு மோதாத ஓர் இடம் அதற்கு இருந்ததும் ஒரு காரணம்.

கேள்வி: எல்லா யோசனையும் காத்திருக்க முடியுமா? சந்தை மாறிக்கொண்டிருக்கும்போது திட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுதால் நிறுவனமே போய்விடாதா?

பதில்: போய்விடும். கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் 1975லேயே டிஜிட்டல் கேமரா ஒன்றைச் செய்து காட்டினார். ஆனாலும் படச்சுருள் வணிகத்தை விட்டு மீளாத அந்த நிறுவனம், 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. திட்டத்துக்கு விசுவாசமாக இருப்பது எப்போதும் நற்குணம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நேர்மாறான உதாரணமும் உண்டு. 1968இல் நினைவகச் சில்லுகளுக்காகவே தொடங்கப்பட்ட இன்டெல், ஜப்பானிய நிறுவனங்களின் போட்டியில் தேய்ந்துகொண்டிருந்தபோது, 1985இல் டிராம் எனப்படும் அந்த நினைவகத் தொழிலையே கைவிட்டு நுண்செயலிகளின் பக்கம் திரும்பியது. அந்த முடிவுக்கு முன்பு, நம்மை நீக்கிவிட்டுப் புதிய தலைவர் ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று இன்டெலை நடத்திவந்த இருவரில் ஒருவரான ஆண்டி குரோவ், மற்றவரான கார்டன் மூரிடம் கேட்டார். நினைவகத்திலிருந்து வெளியேறுவார் என்று மூர் பதில் சொன்னார். அது நல்ல கேள்வி. போட்ட திட்டத்தின் மேல் நமக்கிருக்கும் பற்றையும், அதற்காக இதுவரை செய்த செலவையும் ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்க்க அது உதவுகிறது. செலவழிந்துவிட்ட பணம், தொடர்வதற்கான காரணம் ஆகாது.

நான் முதலில் கேட்பது இதுதான்: திட்டம் போட்டபோது எவற்றை உண்மை என்று வைத்துக்கொண்டோமோ, அவற்றில் ஏதாவது பொய்யாகிவிட்டதா? பெரிய வாடிக்கையாளர் விலகிவிட்டார், சட்டம் மாறிவிட்டது, நாம் செய்யவிருந்ததைப் போட்டியாளர் இலவசமாகத் தரத் தொடங்கிவிட்டார் என்றால் திட்டத்தை அன்றே திறக்க வேண்டும். எதுவும் மாறவில்லை, ஒரு புதிய யோசனை மட்டும் பழையதைவிட அழகாகத் தோன்றுகிறது என்றால் அது அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம். நடுவில் நிற்கும் யோசனைகளுக்கு, ஜெஃப் பெசோஸ் அமேசான் பங்குதாரர்களுக்கு எழுதிய 2015ஆம் ஆண்டுக்கான கடிதத்தில் சொன்ன ஒரு பாகுபாடு உதவும். திரும்பி வரக்கூடிய கதவு போன்ற முடிவுகளை விரைவாக எடுத்துப் பார்க்கலாம். திரும்ப முடியாத கதவுகளுக்கு முன் நிதானமாக நின்று கலந்து பேச வேண்டும். ஒருவரை ஒரு வாரம் வைத்துச் சோதித்துப் பார்க்கக்கூடிய யோசனை முதல் வகை. அதற்குக் காலாண்டுத் திட்டத்தைக் கலைக்கத் தேவையே இல்லை.

நிறுத்துவதென்று முடிவானால் முறையாக நிறுத்துங்கள். பாதியில் விட்ட வேலையைப் பட்டியலிலிருந்து எடுக்காமலும், ஆட்களை மட்டும் அதிலிருந்து எடுத்தும் வைத்திருப்பதைப் பல நிறுவனங்களில் பார்க்கிறோம். அதில் உழைத்தவர்களைக் கூப்பிட்டு, எதனால் நிறுத்தினோம் என்று சொல்லி, இதுவரை செய்ததைப் பத்திரப்படுத்தச் சொல்வது ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாத இடங்களில், அடுத்த திட்டத்தில் யாரும் மனம் வைத்து உழைப்பதில்லை.

கேள்வி: எங்கள் தலைவரின் புதிய யோசனையை ஏற்றுக்கொண்டதால், ஒரு வாடிக்கையாளருக்கு வாக்களித்த தேதி இரண்டு மாதம் தள்ளிப்போகப் போகிறது. அவருக்கு யார், எப்போது, எப்படிச் சொல்வது?

பதில்: முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். தாமதத்துக்கு அபராதம் உண்டா, இடைக்காலக் கெடுக்கள் உண்டா என்பது தெரியாமல் யோசனையை ஏற்றிருந்தால், அந்த முடிவை இன்னும் ஒருமுறை தலைவரின் முன் வைக்க வேண்டும். அபராதமும் யோசனையின் விலையில் சேர்ந்ததுதான்.

அதற்குப் பிறகும் முடிவு நிலைத்தால், தலைவரே வாடிக்கையாளரை அழைத்துப் பேச வேண்டும். முடிவை எடுத்தவர் ஒருவர், அதற்காக மன்னிப்புக் கேட்பவர் வேறொருவர் என்ற ஏற்பாடு நியாயமற்றது. கெட்ட செய்தியை வாடிக்கையாளர் இன்று கேட்டால் தன் பக்கத்து ஏற்பாடுகளை மாற்றிக்கொள்ள அவகாசம் இருக்கும், கெடுவுக்கு முந்தைய வாரம் கேட்டால் எதுவும் இருக்காது. ஆகவே இந்த வாரமே பேசச் சொல்லுங்கள். புதிய தேதியைக் குழுவோடு உட்கார்ந்து கணக்கிட்டு, சற்று இடைவெளியும் விட்டுச் சொல்லுங்கள், ஏனெனில் இரண்டாவது முறை தள்ளிப்போகும் தேதியை யாரும் மன்னிப்பதில்லை. பழைய தேதியிலேயே கொடுக்கக்கூடிய ஒரு பகுதி இருந்தால் அதைப் பிரித்து அப்போதே கொடுத்துவிடுவதாகச் சொல்லுங்கள். பல வாடிக்கையாளர்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது அந்தப் பகுதியாகவே இருக்கும். அந்த உரையாடலில் புதிய யோசனையின் பெருமைகளைத் தலைவர் விவரிக்கத் தொடங்காமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தன்னுடைய வேலையைப் பின்னுக்குத் தள்ளிய ஒன்றைப் பற்றி அன்றைக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் மனநிலை வாடிக்கையாளருக்கு இருக்காது.